ராவுத்தர் குதிரைக்குக் கோதுமை ரொட்டி

எனக்குச் சக்களத்தி ஒருத்தி உண்டு. பெயர் கருப்பட்டி. நிறத்துக்காக வைத்த பெயர். அந்தியூர்ச் சந்தையிலிருந்து அவளை ஓட்டிக்கொண்டு வந்த அன்று என் வீட்டுக்காரர் அப்துல் சலாம் தெருவில் நின்றபடியே, "ஜீனத்து, வெளிய வந்து பாரு, யாரு வந்திருக்கறாங்கன்னு" என்று குரல் கொடுத்தார். மாமியார்தான் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாரோ என்று முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடினேன். மாமியார் இல்லை, குதிரை. அது என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாசலில் நான் ஆசையாக வளர்த்த மருதாணிச் செடியை ஒரு வாய் கடித்தது. அன்றைக்கே எனக்கும் அவளுக்கும் ஆகாமல் போயிற்று.

எங்கள் வீடு சேந்தமங்கலத்தில். மொட்டை மாடியில் துணி காயப்போட ஏறினால் கொல்லிமலை எதிரே நிற்கும். அவருக்கு மலைதான் பிழைப்பு. மிளகு, பலாப்பழம், அன்னாசி, காபிக்கொட்டை என்று எது விளைகிறதோ அதை வாங்கிக் கீழே அனுப்புவார். மலைக்கு பஸ் போகிறது, லாரி போகிறது. சோளக்காட்டுச் சந்தையில் உட்கார்ந்த இடத்திலேயே சரக்குக் கிடைக்கிறது. மற்ற வியாபாரிகள் அப்படித்தான் வாங்கினார்கள். இவருக்கு அது சரிப்படாது. திண்ணனூர் நாட்டில் ரோடு முடிகிற இடத்துக்கு அப்பால், ஒற்றையடிப் பாதையில் போனால்தான் நல்ல மிளகு கிடைக்கும் என்பது அவர் கட்சி. அந்தப் பாதையில் ஜீப் போகாது. அதனால் குதிரை.

"ராவுத்தர்னா குதிரைக்காரன்னு அர்த்தம், தெரியுமா உனக்கு?" என்பார். எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் ராவுத்தர்கள்தான். ஒருத்தரும் குதிரை ஏறியதில்லை, மொபெட் ஏறியிருக்கிறார்கள். இவரும் ஏற மாட்டார் என்பதுதான் வேடிக்கை. மூட்டையை அவள் முதுகில் வைத்துக் கட்டிவிட்டு இவர் பக்கத்தில் பேசிக்கொண்டே நடப்பார். மேட்டில் அவள் மூச்சு வாங்கினால் ஒரு மூட்டையை இறக்கித் தன் தோளில் போட்டுக்கொள்வார். குதிரை எதற்கு வாங்கினீர்கள் என்று நான் கேட்டால் தொப்பியை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு இறங்கி வருவார். சனிக்கிழமை காலையில் மறுபடி பஸ் ஏறிவிடுவார். மலையில் செங்கோடன் என்ற விவசாயியின் வீட்டில்தான் அவருக்கும் குதிரைக்கும் தங்கல். செங்கோடனின் மனைவி பொன்னாயிக்கு ஊசி, பாசிமணி, இருமல் மருந்து எல்லாம் மறக்காமல் வாங்கிப் போவார். எனக்குப் பூண்டு வாங்கி வரச் சொன்னால் மறந்துவிடும். போகும்போது, "ஜீனத்து, கருப்பட்டிக்கு ரெண்டு கோதுமை ரொட்டி சுட்டுக் குடேன், ஆசையாத் திம்பா" என்று ஒருமுறை கேட்டார். "ராவுத்தரே கொக்காப் பறக்கறாராம், குதிரைக்குக் கோதுமை ரொட்டியாம்" என்று, ராவுத்தரே சோற்றுக்கு அலையும்போது குதிரைக்கு விருந்தா என்கிற பழமொழியை எடுத்து வீசினேன். என் கையால் அவளுக்கு ஒரு வாய் கொடுக்க மாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. தேநீர்க் கடையில் பன் வாங்கிப் போனார் என்று பின்னால் தெரிந்தது.

அவருக்கு பீடிப் பழக்கம். கல்யாணத்துக்கு முன்பே பிடித்த பீடி, என்னைவிட மூத்தவள். வெள்ளிக்கிழமை அவர் தெருமுனையில் திரும்பும்போதே இருமல் கேட்கும். நான் உலையில் அரிசியைப் போடுவேன். பெருநாளுக்கு மட்டும் குதிரையையும் பழைய நடைபாதை வழியாகக் கீழே ஓட்டி வருவார். அப்போது வாசலில் அவள் இருமுவாள், உள்ளே இவர் இருமுவார். அவள் நிறுத்தினால் இவர் எடுத்துக்கொள்வார். "அத்தாவும் சின்னம்மாவும் கவ்வாலி பாடறாங்க" என்பாள் எங்கள் மகள் அதீபா. குதிரைக்குச் சின்னம்மா என்று முறை வைத்தவள் அவள்தான். நாங்கள் எல்லோரும் சிரிப்போம். சிரித்துச் சிரித்தே அந்த இருமலுக்குப் பழகிவிட்டோம்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் தை மாதம் அவருடைய செருப்பு காலுக்குள் போகவில்லை. "மலை மழையில நனைஞ்சு தோலு சுருங்கிப் போச்சு" என்றார். புதிதாக ஒரு ஜோடி வாங்கினார். மாசியில் அதுவும் சுருங்கிவிட்டது. "நல்ல கடையாப் பாத்து வாங்கத் தெரியாதா உங்களுக்கு" என்று நானும் கடைக்காரனைத்தான் திட்டினேன். வெள்ளி இரவு அவர் காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிடுவது என் வழக்கம். கட்டைவிரலால் அழுத்தினால் கணுக்காலில் பள்ளம் விழுந்து, விழுந்த பள்ளம் அப்படியே நிற்கும். "உங்க காலு என்னங்க, பெசைஞ்ச மாவாட்டம் இருக்குது" என்றேன். "ராசா வூட்டுக் காலு, அப்படித்தான் இருக்கும்" என்றார். அதற்கும் சிரித்தேன்.

அந்த மாசியில்தான் அவர் முகமெல்லாம் பல்லாக வீட்டுக்குள் நுழைந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"ஜீனத்து, நம்ம கருப்பட்டி முழுகாம இருக்கறா."

போன ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்கு அவளைக் கூட்டிப் போயிருந்தார். அங்கே யாரோ ஒருவருடைய வெள்ளைக் குதிரையைப் பார்த்து, மாப்பிள்ளை முடிவு செய்து, காரியத்தையும் நடத்தி வைத்திருந்தார். எங்கள் அதீபாவுக்கு வரன் வந்தால் ஆறு மாதம் யோசிக்கிற மனிதர் அங்கே ஒரு மணி நேரம்கூட யோசிக்கவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வயிறு கீழ எறங்கியிருக்குது. மேடு ஏறுனா மூச்சு வாங்குது. தீனி வேண்டாங்கறா, தனியாப் போய் நிக்கறா. பொன்னாயி பாத்துட்டுச் சொல்லிருச்சு, குட்டிதான்னு. அது பெத்து எடுத்ததுக்குக் கணக்கே கெடையாது, அதுக்குத் தெரியாதா?"

பிறக்காத குட்டிக்கு அன்றைக்கே பெயர் வைத்தாயிற்று. ஆணாக இருந்தால் சுல்தான், பெண்ணாக இருந்தால் சர்க்கரை. மலையில் நாலைந்து பேருக்கு அந்தக் குட்டியைத் தருவதாக வாக்கும் கொடுத்துவிட்டார். குதிரைக் கொம்பு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இது குதிரைக் குட்டியே கொம்பாகிற கதை.

பங்குனியில் பொன்னாயியிடமிருந்து அழைப்பு வந்தது. கருப்பட்டிக்கு வளையல் போடப் போகிறார்களாம், ராவுத்தர் வீட்டம்மா கட்டாயம் வர வேண்டுமாம். ஊரில் இருக்கிற வேடிக்கை போதாதென்று இது வேறா என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் மலை ஏறியதே இல்லை. எழுபது கொண்டை ஊசி வளைவு என்று கேட்டாலே எனக்குக் குமட்டும். ஆனாலும் அந்தச் சக்களத்தி என்னதான் சொகுசாக இருக்கிறாள் என்று ஒருமுறை பார்த்துவிடும் ஆசை குமட்டலை ஜெயித்துவிட்டது. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பாதி மலைக்குள்ளேயே பழமும் தோற்றது, நானும் தோற்றேன். கண்டக்டர் பாவம், தன் கைத்துண்டைக் கொடுத்தார்.

ரோடு முடிகிற இடத்தில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். அங்கிருந்து நடை. அவர் கொஞ்சம் நடப்பார், மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார், "காத்து எப்படி வீசுது பாரு" என்பார். நானும் காற்றைத்தான் பார்த்தேன். அவர் செருப்பின் வாரைக் கத்தியால் கிழித்து விட்டிருந்ததையும் பார்த்தேன். மலையில் நல்ல செருப்புக்கு வழியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

செங்கோடன் பலாமரத்தடியில் எதிர்கொண்டு வந்தார். ஒல்லியான மனிதர், பேச்சு குறைவு, மரியாதை அதிகம். அந்த மரியாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையே அதில்தான் இருக்கிறது. மலையில் ஆடு மாடுகளை வெளியில் பட்டியில்தான் அடைப்பார்கள். ராவுத்தர் வீட்டுக் குதிரையை அப்படி மழையிலும் பனியிலும் விடலாமா? சாமைக் கதிர் அறுத்த தாளைத் தாங்கள் போட்டு வைக்கிற அறையையே அவளுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். சன்னல் இல்லாத மண்சுவர் அறை. கூரை தொட அடுக்கிய தாள். கூதலுக்குக் கதவு சாத்தி, ஈ கொசு கடிக்காமல் இருக்கத் தினமும் பொன்னாயி நொச்சித் தழையும் வறட்டியும் போட்டு மூட்டம் போடுவாள். தன் பிள்ளைகளுக்குக்கூட அவள் அப்படி வேளை தவறாமல் போட்டதில்லை. குதிரைக்குத் துணையாக என் வீட்டுக்காரரும் அதே அறையில் ஒரு மூலையில் பாய் விரித்துக்கொண்டு, பீடியும் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

உள்ளே தலையை நீட்டினேன். தாள் பூசணம் பிடித்த வாடையும் புகையும் சேர்ந்து என் தொண்டையை அடைத்தது. கண் பழகியதும் கருப்பட்டி தெரிந்தாள். நான் நினைத்த சொகுசு எதுவும் இல்லை. விலா எலும்பு தெரிந்தது. அடிவயிறு மட்டும் பை மாதிரித் தொங்கியது. மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து மூடியது. ஒவ்வொரு மூச்சையும் அவள் இரண்டு தடவை தள்ளித்தான் வெளியே விட்டாள். கர்ப்பிணி என்றால் முகத்தில் ஒரு களை இருக்கும். எனக்கு அவளைப் பிடிக்காது என்பது ஒரு பக்கம். அந்த முகத்தில் எவ்வளவு தேடியும் களை அகப்படவில்லை என்பது இன்னொரு பக்கம்.

"ஏனுங்க, இவ நல்லாத்தான் இருக்கறாளா?" என்றேன்.

"தலைச்சன் குட்டி, அப்படித்தான் அம்மிணி இருக்கும்" என்றாள் பொன்னாயி. வந்திருந்த பெண்கள் எல்லோரும் ஆமாம் என்றார்கள். ஆளுக்கு ஒரு கண்ணாடி வளையல் கொண்டு வந்திருந்தார்கள். குதிரைக்குக் கை ஏது? சிவப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாலையாகப் போட்டார்கள். நெற்றியில் சந்தனம் வைத்தார்கள். முதல் வளையலை நான்தான் கோக்க வேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள். சக்களத்திக்கு வளைகாப்பு நடத்திய முதல் ஆள் சேந்தமங்கலத்தில் நானாகத்தான் இருப்பேன். என் வீட்டுக்காரர் கதவருகே நின்று மாப்பிள்ளை வீட்டார் மாதிரி வழிந்துகொண்டிருந்தார்.

திருஷ்டி படக்கூடாது என்று பொன்னாயி மூட்டத்தில் ஒரு கை சாம்பிராணியை அள்ளிப் போட்டாள். வெள்ளையாகப் புகை எழுந்தது. கருப்பட்டி இருமினாள். முதலில் எல்லோரும் சிரித்தோம். இருமல் நிற்கவில்லை. கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, காற்றைத் தேடினாள். கழுத்து நரம்பு விரல் மொத்தத்துக்குப் புடைத்துத் துடித்தது. பிறகு முன்னங்கால் மடங்கி அப்படியே சரிந்தாள். வளையல்கள் சடசடவென்று நொறுங்கின.

என் வீட்டுக்காரர் ஓடிப்போய் அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "கண்ணு, கண்ணு, எந்திரி தங்கம்" என்று அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அவருடைய அத்தா மவுத்தான அன்றுகூட வருகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த மனிதர். எனக்கு முதலில் வந்தது பொறாமைதான், அதை மறைப்பானேன். நான் விழுந்தால் இப்படி அழுவாரா என்று நினைத்தேன். அடுத்த நொடி அவரும் மூச்சு கிடைக்காமல் இருமத் தொடங்கினார். பொறாமை போய்ப் பயம் வந்தது.

செங்கோடன் கால்நடை டாக்டரைக் கூட்டி வர ஓடினார். டாக்டர் அருணா இளவயதுப் பெண். ரோடு முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பையும் கையுமாக ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். அறைக்குள் எட்டிப் பார்த்ததும், "மொதல்ல இவளை வெளிய கொண்டாங்க. அந்த மூட்டத்துல தண்ணிய ஊத்துங்க" என்றார். எல்லோரும் சேர்ந்து தூக்கியும் தள்ளியும் கருப்பட்டியைப் பலாமரத்தடிக்குக் கொண்டு வந்தோம். வெளிக்காற்று பட்டதும் கொஞ்சம் தேறி, காலை ஊன்றி நின்றாள்.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். கழுத்து நரம்பைத் தடவினார். முன்னங்கால்களுக்கு நடுவிலும் அடிவயிற்றிலும் கையை வைத்துப் பார்த்தார். பிறகு பின்பக்கம் போய், கை முழுக்க உறை மாட்டிக்கொண்டு, குட்டி இருக்கிறதா என்றும் சோதித்தார்.

"ஏனுங்க டாக்டரம்மா, குட்டி எப்பங்க போடும்?" என்று பொன்னாயி கேட்டாள்.

"குட்டி இல்லீங்க. இது நீர்."

பெண்கள் கருப்பட்டியின் வயிற்றைத் திரும்பிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும், "இல்லீங்க, அந்தியூர்ல..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார்.

"இவளுக்கு ரொம்ப நாளா இருமல் இருக்குதுங்களா?"

"அது இருக்குதுங்க. நாலஞ்சு வருசமாவே இருக்குது."

டாக்டர் செங்கோடனைப் பார்த்துச் சொன்னார். "நீங்க வாய்க்கால் பாய்ச்சறவருதானுங்க. மடை அடைச்சுக்கிட்டா என்ன ஆகும்? தண்ணி முன்னால போகாது, பின்னால தேங்கும். இவளுக்கு அந்தக் கதைதான். பூசணத் தூசியும் புகையும் போயிப் போயி நுரையீரல் சுருங்கிப் போச்சு. நெஞ்சு, அதான் இருதயம், ரத்தத்தை அதுக்குள்ள தள்ளணும், போக மாட்டேங்குது. முக்கி முக்கித் தள்ளி நெஞ்சே வலதுபக்கம் வீங்கிப் போச்சுங்க. தேங்குன நீர்தான் வயித்துல எறங்கி நிக்குது. நோவு நுரையீரல்ல ஆரம்பிச்சது, இப்ப நெஞ்சுக்கு வந்திருச்சு."

"நாந்தான் தெனமும் மூட்டம் போட்டனுங்க" என்றாள் பொன்னாயி.

"நீங்க நல்லதுன்னு நெனச்சுச் செஞ்சீங்க. மாட்டோட மாடா வெளிய கட்டியிருந்தீங்கன்னா இவ்வளவு தூரம் வந்திருக்காது. இன்னும் காலம் போகலீங்க" என்ற டாக்டர், காட்டுவதற்காகக் கருப்பட்டியின் அடிவயிற்றில் விரலை வைத்து அழுத்தி எடுத்தார். பள்ளம் விழுந்தது. எழும்பவில்லை. அப்படியே நின்றது.

அந்தப் பள்ளத்தை எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய்க் கையோடு நான் பார்த்த பள்ளம். என் கட்டைவிரலுக்கு அது மனப்பாடம். திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு கருத்திருந்தது. பீடியால் கருத்த உதடு என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். கிழித்து விட்ட செருப்பிலிருந்து கால் பிதுங்கிக்கொண்டிருந்தது. வரும் வழியில் அவர் மரம் மரமாக நின்று பார்த்தது காற்றை அல்ல என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

"டாக்டரம்மா, இவரு காலையும் ஒருக்கா அமுக்கிப் பாருங்க" என்றேன்.

"அம்மா, நான் மாட்டு டாக்டருங்க."

"பரவாயில்லீங்க. இவரும் அதே அறையிலதானுங்க படுக்கறாரு."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. காலைத் தொடவும் இல்லை; பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். "பாய், மல்லாந்து படுத்தா மூச்சு முட்டுதுங்களா?" என்று கேட்டார். இவர் குதிரையின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியாமல் எத்தனை நாளாக மூட்டை மேல் சாய்ந்துகொண்டே தூங்கினாரோ.

"நாளைக்கே நாமக்கல் போயி நெஞ்சு டாக்டரைப் பாருங்க. நான் ஆளுக்கு வைத்தியம் சொல்லக் கூடாது. ஆனாத் தள்ளிப் போடாதீங்க" என்றார்.

"கருப்பட்டி தேறட்டும், அப்புறம் போலாம்" என்றார் இவர். கெஞ்சினேன், திட்டினேன், அதீபாவின் பெயரைச் சொன்னேன். "இவளை இப்படி விட்டுப்போட்டு நான் போக முடியாது ஜீனத்து" என்று அதையே சொன்னார். செங்கோடன் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதும் எடுபடவில்லை. குதிரையை மரத்தில் கட்டியிருந்தது. இவரைக் குதிரையில் கட்டியிருந்தது.

எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. அதைச் சொல்ல என் வாயே கூசியது.

"நீங்க செங்கோடன் அண்ணனோட நாமக்கல் போங்க. நீங்க வர்ற வரைக்கும் உங்க கருப்பட்டிய நான் பாத்துக்கறேன். இங்கயே தங்கி, என் கையால."

அவர் நிமிர்ந்து பார்த்த பார்வை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. "நெசமாவா?" என்றார். "மருதாணிச் செடி மேல சத்தியம்" என்றேன். மறுநாள் காலை பஸ்ஸில் செங்கோடனோடு இறங்கிப் போனார். நாமக்கல்லில் அதீபா போய் அவரோடு சேர்ந்துகொண்டாள்.

அப்புறம் நானும் என் சக்களத்தியும் தனியாக. டாக்டர் அருணா தினமும் வந்து ஊசி போட்டார். நீர் இறங்குவதற்கான ஊசி. போட்ட கொஞ்ச நேரத்தில் கருப்பட்டி நின்ற இடத்தில் ஒரு குட்டையையே உண்டாக்குவாள். அடுத்த வீட்டு வாத்துகள் ஏமாந்து வந்து பார்த்துவிட்டுப் போயின. காய்ந்த தாள் கூடாது, பச்சைப் புல்தான். தாள் போட்டே ஆக வேண்டுமென்றால் தண்ணீரில் முக்கிப் பிழிந்து போட வேண்டும். இனிமேல் கூரைக்குள் கட்டக் கூடாது, மூட்டை ஏற்றக் கூடாது, கிட்டத்தில் புகை கூடாது. மழைக்குத் தலைக்கு மேல் ஒரு ஓலைப் பந்தல் போதும். பொன்னாயியும் நானும் சேர்ந்து புல் அறுத்தோம். அவளுக்கு மனசு ஆறவே இல்லை. "குட்டின்னு சொன்ன வாயில மண்ணு" என்று தன்னையே திட்டிக்கொண்டு எனக்குக் களியும் கீரையும் போட்டாள். நன்றாகத்தான் இருந்தது.

வேலை முடிந்தால் வேறு யாரோடு பேசுவது? கருப்பட்டியோடுதான். எங்களுக்குள் பொதுவாக இருந்தது ஒரே விஷயம். அவரைப் பற்றி நான் சொன்னேன். பிடிவாதத்தைச் சொன்னேன், ஞாபகமறதியைச் சொன்னேன், பூண்டைச் சொன்னேன். அவள் ஒன்றையும் மறுக்கவில்லை. ஒருநாள் மத்தியானம், நாமக்கல்லில் என்ன சொன்னார்களோ தெரியவில்லையே என்று பாதையையே பார்த்துக்கொண்டு நின்றபோது, அவள் தலையைக் கொண்டுவந்து என் தோளில் வைத்தாள். கனமான தலை. சூடான மூச்சு. முன்பைவிட அமைதியான மூச்சு. யா அல்லாஹ், இவள் மாதிரி அவரும் தேறட்டும் என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு துஆ கேட்டேன். அடிவயிற்றுப் பை அதற்குள் பாதியாக வற்றியிருந்தது.

அவர் திரும்பி வந்தபோது பாதையில் நின்று நின்றுதான் வந்தார், ஆனால் செருப்பு காலுக்குள் இருந்தது. நாமக்கல் டாக்டர் சொன்னதைச் சொன்னார்: புகையால் நுரையீரல் கெட்டு, அதனால் நெஞ்சு வலதுபக்கம் வீங்கி, நீர் கோத்திருக்கிறதாம். நல்ல சமயத்தில் வந்தீர்கள் என்றாராம். டாக்டர் அருணாவிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டினோம். "நீர் எறங்கறதுக்கு நான் இவளுக்குப் போடற அதே மருந்துதானுங்க. அளவுதான் வேற" என்றார். என் வீட்டுக்காரர் முகத்தில் பெருமையைப் பார்க்க வேண்டுமே.

ஆனால் செங்கோடன் என்னைத் தனியே கூப்பிட்டு, "அம்மிணி, பீடிய விடோணும்னு டாக்டரு கையெடுத்துக் கும்புட்டுச் சொன்னாருங்க. ராவுத்தரு தலைய ஆட்டிப்போட்டு, பஸ் ஸ்டாண்டுலயே ஒரு கட்டு வாங்கிட்டாருங்க" என்றார். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. சண்டைக்குத் தயாராகிப் பலாமரத்தடிக்குப் போனேன். அதற்குள் அவர் கருப்பட்டியின் பக்கத்தில் நின்று பழக்கதோஷத்தில் ஒன்றைப் பற்ற வைத்துவிட்டார். ஒரு இழுப்புத்தான். கருப்பட்டி தும்மினாள், இருமினாள், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் பீடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவே இல்லை. பீடியை, சட்டைப் பையிலிருந்த கட்டோடு சேர்த்து, தாள் முக்குகிற தண்ணீர்த் தொட்டியில் போட்டு அமுக்கினார்.

எனக்காக விடாத பீடி. அதீபா அழுது கேட்டும் விடாத பீடி. படித்த டாக்டர் கும்பிட்டும் விடாத பீடி. அவளுக்காக விட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது, சந்தோஷமாகவும் வந்தது. எது அதிகம் என்று தெரியாமல் மரத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அதற்குப் பிறகு இன்றுவரை அவர் பீடி தொடவில்லை. தொட்டியைக் கழுவ எனக்குத்தான் வேலை வைத்தார்.

இதெல்லாம் நடந்து சில வருஷம் ஆகிவிட்டது. இரண்டு பேருக்கும் நோய் முழுக்கப் போகவில்லை, போகாது என்று இரண்டு டாக்டர்களுமே சொல்லிவிட்டார்கள். மூட்டை இப்போது செங்கோடனின் மச்சான்கள் சுமந்து ரோட்டுக்குக் கொண்டு வருகிறார்கள். இவர் வெறுங்கையோடு நடக்கிறார், கருப்பட்டி வெறும் முதுகோடு பின்னால் நடக்கிறாள். ஒரே மேட்டில் இரண்டு பேரும் நிற்கிறார்கள். "ராவுத்தரே, குதிர உங்களை மேய்க்குதா, நீங்க குதிரைய மேய்க்கறீங்களா?" என்று வழியில் பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். குட்டி கேட்டவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தையில் வாங்கி, வாரைக் கிழித்து, மறுபடி தைத்த அந்தச் செருப்பு இப்போது காலுக்குத் தொளதொளவென்று பெரிதாக இருக்கிறது. "தோலு விரிஞ்சு போச்சு" என்கிறார்.

பெருநாளுக்கு அவளைக் கீழே கொண்டுவர முடியாது. கடைத்தெருத் தூசி அவளுக்கு ஆகாது. அதனால் பெருநாளுக்கு மறுநாள் நாங்கள் மேலே போகிறோம். எலுமிச்சம்பழம், கைத்துண்டு, தூக்குப் பாத்திரம் எல்லாம் எடுத்துக்கொள்கிறேன். பாத்திரத்தில் இருப்பது கோதுமை ரொட்டி. டாக்டர் அருணா ஒன்றுக்கு மேல் கூடாது என்று சொல்லியிருக்கிறார், அதனால் ஒன்றே ஒன்று, பெரிதாக.

போன பெருநாளில் என் மாமியார் அடுப்படியில் நின்று அதைப் பார்த்துவிட்டார். "ராவுத்தரே கொக்காப் பறக்கையில குதிரைக்குக் கோதுமை ரொட்டியா?" என்று என் பழமொழியை எனக்கே திருப்பிப் போட்டார். கூடத்தில் அவருடைய மகன் மல்லாந்து படுத்து, மூச்சு முட்டாமல், குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். "அங்க பாருங்க மாமி, உங்க ராவுத்தரு எப்படித் தூங்கறாருன்னு" என்று சொல்லிவிட்டு, ரொட்டியைத் திருப்பிப் போட்டேன்.